படலையில் சொல்லிவிட்டுப் போனவர்

இதை எழுத எனக்குப் பத்து வருடத்துக்கு மேல் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு தவக்காலமும் விபூதிப் புதனன்று கடையில் ஒரு கொப்பி வாங்குவேன். முதல் பக்கத்தில் சிலுவை அடையாளம் போட்டுத் திகதியும் எழுதுவேன். அவ்வளவுதான். உயிர்த்த ஞாயிறு வரும்போது அந்தக் கொப்பியில் பேத்தி கோழிப் படம் கீறியிருப்பாள். நான் எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போனவன், எழுத வராது என்று எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. இந்தக் கதையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு, அது நல்ல பங்கு அல்ல. பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாருக்குச் சொல்லிவிட்டேன். அவர் தந்த செபங்களையும் சொல்லி முடித்தேன். ஊருக்குத்தான் சொல்லவில்லை. ஊர் இதை வேறு விதமாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறது.

அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. இப்போது அவர் எங்கள் ஊரில் இல்லை. மகள் ஆசிரியையாகப் படிப்பிக்கிற ஊருக்குக் குடும்பத்தோடு போய்விட்டார். அந்தப் பிள்ளைக்குக் கூச்சமாக இருக்கக்கூடாது.

எங்கள் ஊர் விடத்தல்தீவிலிருந்து சைக்கிளில் அரை மணித்தியாலம் போனால் வருகிற சின்னக் கரையூர். சண்டையில் எல்லோரும் எழும்பி ஓடி, வவுனியாப் பக்கத்து முகாமில் கிடந்து, திரும்பி வந்து தகரத்தின் கீழ் குடியிருந்த காலம் அது. நாங்கள் வந்து இரண்டு வருடத்தில் இந்தியா முகாம்களிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அப்படித்தான் எங்கள் பக்கத்து வளவுக்கு அவரும் வந்தார். பன்னிரண்டு வயதில் தாயோடு வள்ளத்தில் ஏறிப் போனவர், காதோரம் நரைத்தபிறகு வந்து நின்றார். ஒரு மனைவி, ஒரு மகள், மூன்று பெட்டி, சேலைத்துண்டில் சுற்றிய பத்துப் பன்னிரண்டு பெயின்ற் பிரஷ். அங்கே மாடிக் கட்டிடங்களில் கயிற்றில் தொங்கிப் பெயின்ற் அடித்தவராம்.

சொந்த மண்ணுக்கு வந்துவிட்டீர்கள் என்று எல்லோரும் கையைப் பிடித்துச் சொன்னோம். அவரும் தலையாட்டினார். ஆனால் அந்த முகம், பிளேனில் வந்து இறங்கி வெளிநாட்டில் முழித்துக்கொண்டு நிற்கிற ஆளின் முகமாகத்தான் இருந்தது.

வந்த அடுத்த நாள் காலை என் மனைவி பாணும் சம்பலும் கொடுத்துவிட்டாள். அவர் தட்டைப் பார்த்தார், எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார், பிறகு மெதுவாக, வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார். அங்கே ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவர்களுக்குத்தான் பிரெட் என்று பாண் வாங்கிக்கொண்டு போவார்களாம். நாங்கள் தினமும் விடிய அதைத்தான் சாப்பிடுகிறோம் என்று சொல்ல, இரக்கத்தோடு பார்த்தார்.

பஸ்ஸில் ஏறினால் இன்னொரு கூத்து. முன் சீற் வெறுமையாக இருக்கிறது என்று போய் இருந்துவிட்டார். அது மதகுருமாருக்கு ஒதுக்கிய இடம் என்று கண்டக்டர் எழுப்பினார். அடுத்த சீற்றில் ஒரு அம்மா இருந்தபடியால் அதில் இருக்க மாட்டேன் என்று மன்னார் வரும் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அங்கே ஆண்களும் பெண்களும் பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதில்லையாம். அந்த அம்மா இறங்கும்போது, தன்னில் ஏதும் மணக்குதா என்று கேட்டுவிட்டுப் போனாவாம்.

ஊரில் அவருக்கு இந்தியாக்காரர் என்று பெயர் விழுந்தது. அங்கே சிலோன்காரர் என்றார்களாம். "ஒரு ஊர்லகூடவா அண்ணே என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க?" என்று என்னிடம் சிரித்தபடி கேட்டார். கோபமில்லை. பெயின்ற் வாளியைக் கலக்கிக்கொண்டுதான் கேட்டார்.

இதெல்லாம் எல்லோருக்கும் நடப்பதுதான். ஆனால் அவரிடம் வேறொரு பழக்கம் இருந்தது. யாரிடமாவது சொல்லாமல் ஊரை விட்டு வெளியே போகமாட்டார்.

வந்த கிழமையே விடியக்காலை விதானையார் வீட்டு வாசலில், மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு, குடையும் கையுமாக நின்றாராம். கிராம சேவகரைத்தான் எங்கள் பக்கத்தில் இன்னும் விதானையார் என்கிறோம். அவர் யாரோ செத்துவிட்டார்கள் என்று பதறிச் சேட்டும் போடாமல் ஓடிவந்தார். இவர் கையைக் கட்டிக்கொண்டு, அடம்பன் சந்தைக்குச் சோத்துப் பானை ஒன்று வாங்கப் போகிறோம், சாயந்தரத்துக்குள் வந்துவிடுவோம், எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று கேட்டார். விதானையார், பானையைக் கவனமாகக் கொண்டுவாங்கோ என்று மட்டும் சொன்னாராம்.

வீதியில் அப்போது ஆமிக்காரர் நிற்பார்கள். எங்களில் யாரும் கேட்காமல் அவர்களோடு வாய் திறக்க மாட்டோம். இவர் சைக்கிளை நிறுத்தி, இறங்கி, வணக்கம் சார் என்று தொடங்கி எங்கே போகிறார், எதற்குப் போகிறார், எப்போது வருவார் எல்லாம் சொல்லுவார். அங்கே நிற்கிற ஆமிப் பெடியனுக்குத் தமிழ் தெரியாது. அவனும் மரியாதையாகத் தலையாட்டுவான். இவருக்கு அது போதும்.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். முகாமில் சொல்லாமல் வெளியே போகக்கூடாது என்றார். குறித்த நாட்களில் எல்லோரும் வரிசையில் நிற்கவேண்டும், பெயர் கூப்பிடுவார்கள். ஒருமுறை தாய் வேறொரு ஊர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறா என்று கேள்விப்பட்டு, சொல்ல நேரமில்லாமல் ஓடியிருக்கிறார். அன்றைக்குப் பார்த்துப் பெயர் கூப்பிட்டார்கள். ஆள் இல்லை. பெயரை வெட்டிவிட்டார்கள். வெட்டிய பெயரைத் திரும்ப எழுதுவிக்க மூன்று மாதம் அலைந்தாராம். அந்த மூன்று மாதமும் வீட்டுக்கு அரிசி இல்லை, மகள் அப்போது கைக்குழந்தை. "அதுக்கப்புறம் கக்கூசுக்குப் போனாக்கூடச் சொல்லிட்டுத்தாண்ணே போவேன்" என்றார். நானும் சிரித்தேன், அவரும் சிரித்தார்.

நானும் கம்பி வேலிக்குள் இருந்தவன்தான். ஆனால் எனக்கு அது மாதக்கணக்கு. அவர் அதற்குள் மீசை முளைத்து, கலியாணம் கட்டி, பிள்ளை பெற்றவர்.

விதானையார் நல்ல மனுசன். என்றாலும் ஒவ்வொரு நாளும் விடிய ஒரு ஆள் வந்து கைகட்டி நின்றால் அவரும் என்ன செய்வார்? கடைசியில் ஒருநாள், இனி எனக்குச் சொல்லத் தேவையில்லை, மனம் கேட்காவிட்டால் பக்கத்து வீட்டு அண்ணரிடம் சொல்லிவிட்டுப் போங்கோ என்று சொல்லிவிட்டார். அந்தப் பக்கத்து வீட்டு அண்ணர் நான்தான்.

அடுத்த நாள் காலை என் மனைவி அடுப்படியிலிருந்து கூப்பிட்டாள். "இஞ்சேருங்கோ, உங்கட விதானைக் கந்தோர் திறந்தாச்சு. ஆள் வந்து நிக்குது."

அன்றிலிருந்து வேலைக்குப் போகிற நாளெல்லாம் எங்கள் வேலிப் படலையில் வந்து நிற்பார். அண்ணே, முருங்கன் போறேன், பெயின்ற் வேலை, அஞ்சு மணிக்கு வந்துடுவேன். அண்ணே, சலூனுக்கு. அண்ணே, கடைக்கு, தேங்காய்க்கு. நான் நண்டு வலையில் சிக்கெடுத்துக்கொண்டு, ஓம் தம்பி போட்டு வாங்கோ என்பேன். திரும்பி வந்தும் சொல்லுவார். நான் கடலில் நிற்கிற நாளில் என் மனைவியிடம் சொல்லுவார், அவள் எனக்குச் சொல்லவேண்டும். தொடக்கத்தில் கரைச்சலாக இருந்தது. பிறகு ஐந்து மணிக்கு ஆளைக் காணாவிட்டால் நானே வீதியை எட்டிப் பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டது.

எங்கள் கோயில் கோபுரத்துக்குப் பெயின்ற் அடித்ததும் அவர்தான். கயிற்றில் தொங்கி, சிலுவைக்குக் கீழே அணில் மாதிரி. கீழே இறங்கித் தேத்தண்ணி குடிப்பதென்றாலும் யாருக்காவது சொல்லவேண்டுமே. மத்தியானத்தில் கோயில் வளவில் யார் நிற்கிறார்கள்? அந்தோனியார் சுருவம்தான், சிலையாக நின்றது. மேலேயிருந்து, "சாமி, இறங்குறேன்" என்று சொல்லிவிட்டு இறங்குவதை என் கண்ணால் கண்டேன். காணாமல் போன பொருட்களைத் தேடித் தருகிற அந்தோனியாருக்கு, தான் காணாமல் போகவில்லை என்று ஒரு ஆள் நேரம் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தது அவருக்கும் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த மனுசன் இங்கே வந்தது ஒரேயொரு காரியத்துக்காக. அவருடைய மகள் முகாமில் பிறந்தவள். அந்த நாட்டுப் பிள்ளையும் இல்லை, இந்த நாட்டுப் பதிவிலும் பெயர் இல்லை. பிள்ளை நல்ல கெட்டிக்காரி. அந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதவேண்டும். பரீட்சைக்கு அடையாள அட்டை வேண்டும், அதற்குப் பிரஜாவுரிமைக் கடதாசி வேண்டும். "அவ பேரு ஏதாவது ஒரு நாட்டுப் புத்தகத்துல ஏறிடணும்ணே. வெட்ட முடியாத மாதிரி ஏறணும்" என்று அடிக்கடி சொல்லுவார்.

கொழும்பிலிருந்து அதிகாரிகள் மன்னாருக்கு வந்து ஒரே நாளில் பதிந்து தருகிற நடமாடும் சேவை ஒன்று வந்தது. கோயிலிலும் அறிவித்தல் வாசித்தார்கள். நான் அன்றைக்குப் பின் வாங்கில் நித்திரை.

அந்தச் சேவை வந்த நாள் காலை நான் படலையடியில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தேன். மச்சானும் வேறு இரண்டு பேரும் வந்து குந்தியிருந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் இவர் வருவது தெரிந்தது. நல்ல வெள்ளைச் சேட்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. மச்சான் என்னைச் சுரண்டினான்.

"அத்தான், உங்கட ஆள் வாறார். ஒவ்வொரு நாளும் ஓம் எண்டுதானே சொல்லுறியள். ஒருநாளைக்கு மறிச்சுப் பாருங்கோவன், என்ன செய்யிறார் எண்டு பாப்பம்."

அவர் வந்து நின்று, அண்ணே, மன்னாருக்கு என்று தொடங்கினார். நான் முடிக்க விடவில்லை. வலையிலிருந்து தலையை நிமிர்த்தாமல், பெரிய துரை மாதிரி, "இண்டைக்குப் போகேலாது" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த மூன்று பேரையும் பார்த்தார். ஏதோ விளங்கியதுபோல மெதுவாகத் தலையை ஆட்டி, "சரிண்ணே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அவர் வேலிக்கு அப்பால் மறைய, நாங்கள் நாலு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பகிடி, விளையாட்டுக்குச் சொன்னது என்று விளங்கி, சுற்றுப்பாதையால் பஸ்ஸுக்குப் போயிருப்பார் என்றுதான் நினைத்தேன். கொஞ்சத்தில் அதையும் மறந்துபோனேன்.

பின்னேரம் அவருடைய மகள் வந்தாள். மன்னாருக்குப் போக உடுத்த பள்ளிக்கூடச் சட்டையைக்கூட மாற்றவில்லை.

"பெரியப்பா, ரோட்டுல என்ன பிரச்சினை?"

எனக்கு விளங்கவில்லை. "எந்த றோட்டில பிள்ளை?"

"நீங்க போக வேணாம்னு சொன்னீங்களாம். ரோட்டுல ஏதோ இருக்கு, ஆளுங்க முன்னாடி சொல்ல முடியாம அண்ணன் மறைச்சுச் சொன்னாரு, காரணம் இல்லாம சொல்ல மாட்டாருன்னு அப்பா சொல்றாங்க. நானும் அம்மாவும் அடுத்த பஸ்ல போக இருந்தோம், எங்களையும் போக விடல. இன்னைக்குத்தான் பெரியப்பா பதியுற நாள். எங்க கிளாஸ்ல நாலு பேர் போய்ப் பதிஞ்சிட்டு வந்துட்டாங்க."

ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும், பிள்ளை, நான் பகிடிக்குச் சொன்னனான் என்று. என் வாய் அதைச் சொல்லவில்லை. "ஆமி செக்கிங் எண்டு ஒரு கதை வந்தது. அதுதான் மறிச்சனான்" என்று சொன்னது.

பிள்ளை நம்பிவிட்டது. நன்றி பெரியப்பா என்றும் சொல்லிவிட்டுப் போனது. உள்ளே என் மனைவி கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். அன்றைக்கு இரவுச் செபத்துக்கு நான் செபமாலையை எடுக்க, அவள் என் கையிலிருந்து வாங்கினாள். "இண்டைக்கு நான் சொல்லிக்குடுக்கிறன். நீங்கள் பேசாமல் கேட்டுக்கொண்டு இருங்கோ" என்றாள். ஒவ்வொரு மணிக்கும் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அடுத்த நாளே விதானையாரிடம் போய்க் கடிதம் வாங்கினேன். கடலை விட்டுவிட்டு அவர்கள் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு நான்தான் கொழும்புக்குப் போனேன். முதல் முறை, அவருடைய தாயின் பிறப்புப் பதிவு இல்லாமல் முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். மன்னாரில் அதை எடுத்துக்கொண்டு இரண்டாம் முறையும் போனோம். அங்கேயும் அவர் அவர்தான். காத்திருக்கிற இடத்தில் காவலுக்கு நின்ற சிங்களவரிடம் போய், தண்ணி குடிக்கப் போகிறேன், வந்துவிடுவேன் என்று சைகையில் சொல்லிவிட்டுப் போவார். நாலாவது தரம் தண்ணிக்குச் சொல்லப் போக, அந்த மனுசன் "ஹொந்தய், ஹொந்தய்", நல்லது நல்லது என்று முதுகில் தட்டித் தான் இருக்கிற கதிரையையே கொடுத்துவிட்டான்.

அன்றைக்கு மத்தியானத்துக்குள் கடதாசி கைக்கு வந்தது. அவர் அதை நெற்றியில் வைத்து ஒற்றிக்கொண்டு மகளிடம் கொடுத்தார். அடையாள அட்டை பரீட்சைக்கு ஒரு கிழமைக்கு முதல் வந்து சேர்ந்தது. பிள்ளை எழுதினாள், நன்றாகவே எழுதினாள். ஆண்டவருக்கு நன்றி.

ஊரில் என் மதிப்பு ஏறிவிட்டது. இந்தியாக்காரர் பகிடி விளங்காமல் நாள் முழுக்க வீட்டில் குந்தியிருந்தாராம், பக்கத்து வீட்டு அண்ணர்தான் பாவப்பட்டுக் கொழும்பு வரை கூட்டிக்கொண்டு போனாராம். இப்படித்தான் இன்றைக்கும் சொல்லுகிறார்கள்.

கடதாசி கிடைத்த அன்று திரும்பி வருகிற பஸ்ஸில்தான் எனக்குச் சொல்லத் தைரியம் வந்தது. காரியம் முடிந்தபிறகு வருகிற தைரியத்தை என்னவென்று சொல்லுவது. தாயும் மகளும் எங்களுக்கு முன் சீற்றில் நித்திரை. அவர் என் பக்கத்தில். நான் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னேன். தம்பி, அன்றைக்கு றோட்டில் ஒன்றுமில்லை, செக்கிங் என்று பிள்ளைக்குச் சொன்னதும் பொய், மச்சானாக்கள் சிரிக்கட்டும் என்றுதான் மறிச்சனான் என்று.

மதவாச்சி கழிந்தது. செட்டிகுளமும் கழிந்தது. பிறகு சொன்னார்.

"இதை நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்ணே. இந்த ஊருல நம்மளைப் பார்த்துக்க ஒரு ஆள் இருக்குன்னு நெனைச்சிட்டு இருந்தேன்."

அதற்குப் பிறகு அவர் என் படலைக்கு வரவில்லை. கோபித்துக்கொண்டார் என்று சொல்லமாட்டேன். கண்டால் சிரிப்பார், என் மனைவி கறி கொடுத்தால் வாங்குவார். ஆனால் வேலைக்குப் போகும்போது நேரே போய்விடுவார். ஆமிக்காரப் பெடியனைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் சைக்கிளை மிதிப்பார். ஆள் ஒருமாதிரி எங்கட நாட்டுக்குப் பழகிவிட்டார் என்று ஊரில் எல்லோருக்கும் சந்தோசம். எப்படிப் பழகினார் என்று எனக்குத்தான் தெரியும். ஐந்து மணியானால் என் கண் வீதிக்குப் போகும். கேட்கவும் முடியாது.

இரண்டு மாதம் பொறுத்தேன். ஒருநாள் எஞ்சினுக்கு ஒரு சாமான் வாங்க மன்னாருக்கு வெளிக்கிட்டவன், பஸ்ஸுக்குப் போகாமல் அவருடைய படலையில் போய் நின்றேன். அவர் முற்றத்தில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார்.

"தம்பி, மன்னாருக்குப் போட்டு வாறன். ரண்டு மணி பஸ்ஸில திரும்பிடுவன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எங்கிட்ட எதுக்குண்ணே சொல்றீங்க?"

"ஆரிட்டையாவது சொல்லிப்போட்டுப் போகவேணும் போல கிடந்தது."

பிரஷை உதறினார். திரும்ப வாளிக்குள் விட்டுக் கழுவினார். பிறகு தலையை நிமிர்த்தாமலே, "இன்னைக்குப் போக முடியாதுண்ணே" என்றார்.

பகிடியா, கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தில் ஒன்றும் இல்லை. ஊர் நடுவில் உடுத்து வெளிக்கிட்டு நின்றவன், ஒரு சொல்லுக்கு அசைய முடியாமல் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவருடைய கால்கள் அன்றைக்கு எப்படி நின்றிருக்கும் என்று என் கால்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. சரி தம்பி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன். பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போவது கேட்டது. சேட்டைக் கழற்றிவிட்டு வலையை எடுத்துக்கொண்டு இருந்தேன்.

பின்னேரம் அவர் வந்தார். படலைக்கு வெளியே நின்றுகொண்டே கேட்டார்.

"அண்ணே, மன்னாருக்குப் போகலையா?"

"இல்லைத் தம்பி. நீங்கள் மறிச்சனீங்கள். காரணமில்லாமல் மறிக்கமாட்டியள் எண்டு இருந்திட்டன்."

அவர் சிரிக்கத் தொடங்கினார். வேலிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வருமட்டும் சிரித்தார். என் மனைவி என்னவோ ஏதோ என்று கரண்டியோடு ஓடிவந்தாள். அவர் தானாகவே படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்து இருந்து, அக்கா, தேத்தண்ணி இருக்கா என்று கேட்டார்.

இதை வாசிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்தக் கதையை எங்காவது சொல்ல நேர்ந்தால், கூட்டாமல் குறைக்காமல் இப்படியே சொல்லுங்கோ. அவர் பகிடி விளங்காத ஆள் என்று சொல்லாதேயுங்கோ. என்னை, அவர்களைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போன நல்ல மனுசன் என்று மட்டும் சொல்லி விட்டுவிடாதேயுங்கோ. மூன்று பேர் சிரிப்பதற்காக ஒரு பிள்ளையின் வழியை மறித்தவன், கேட்க வந்த அந்தப் பிள்ளைக்கே பொய் சொன்னவன் என்று, அதையும் சேர்த்துச் சொல்லுங்கோ.